சரிவு நிலத்தில் வீடு: எந்தப் படி ஏற்றது?

மண்சரிவால் இடம்பெயர்ந்து, நோர்வூட் போன்ற இடங்களில் 7 பேர்ச்சஸ் காணியில் வீடு கட்டும் குடும்பங்கள் படியைக் கடைசியில் யோசிக்கின்றன. அதை முதலில் தீர்மானிப்போம்.

நேர்ப்படிக்குச் செலவு குறைவு. ஆனால் அடைமழையில் அதுவே ஓடையாகி மண்ணை அரிக்கும். திரும்பிச் செல்லும் படி சரிவுக்குக் குறுக்கே ஏறும். திருப்பத்தில் இளைப்பாறவும் இடமுண்டு. செங்குத்தான காணிக்கு இதுவே நல்லது.

உயரம் 6 அங்குலம், அகலம் 12 அங்குலம் வையுங்கள். இரண்டு உயரமும் ஓர் அகலமும் சேர்ந்த 24 அங்குலம் நம் ஓர் எட்டுக்குப் பொருந்தும். ஒரு படி மட்டும் வேறுபட்டாலும் கால் இடறும். ஓரத்தில் கான் வெட்டுங்கள்.

மண்ணை வெட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனை பெறுங்கள். விறகுக்கட்டோடு ஏறும் தாய்மாரையும் கேளுங்கள்.