ஊர் மறவாத பெயர்கள்

இங்கிலாந்து நாட்டின் சிற்றூர்களில் பலவற்றில், ஊரின் நடுவிலோ, மாதாகோவில் முற்றத்திலோ, சாலைகள் கூடும் சந்தியிலோ கல்லாலாகிய நினைவுச் சின்னம் ஒன்று நிற்பதைக் காணலாம். சில ஊர்களில் அது சிலுவை வடிவில் அமைந்திருக்கும். சில ஊர்களில் கூர்நுனித் தூணாக உயர்ந்து நிற்கும். வேறு சில ஊர்களில் பொது மண்டபமே நினைவுச் சின்னமாக எழுப்பப்பட்டிருக்கும். 1914 முதல் 1918 வரை நடைபெற்ற முதல் உலகப் போரில் உயிர் நீத்த அவ்வூர் மக்களின் பெயர்கள் அதில் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். 1939 முதல் 1945 வரை நிகழ்ந்த இரண்டாம் உலகப் போரில் மாண்டோர் பெயர்கள் பின்னர் அவற்றின்கீழ்ச் சேர்க்கப்பட்டன. வீரர்க்கு நடுகல் நாட்டிய தமிழர் மரபை அறிந்த மாணவர்க்கு இவ்வழக்கம் புதுமையாகத் தோன்றாது.

ஆயினும், அப்பெயர்களைக் கூர்ந்து படிப்போர்க்கு வியப்பளிப்பது ஒன்றுண்டு. பல கற்களில் ஒவ்வொரு பெயரின் அருகிலும் அவ்வீரர் சேர்ந்திருந்த படையின் பெயரும் காணப்படும். அவற்றுள் பெரும்பாலானவை இங்கிலாந்தின் மாவட்டங்களில் திரட்டப்பட்ட படைகள். அவற்றின் இடையிடையே கனடியக் காலாட்படை, ஆஸ்திரேலியப் படை, நியூசிலாந்துப் படை என்னும் பெயர்களும் தோன்றும். கடல் கடந்த நாட்டின் சீருடை அணிந்து போரிட்டு, மற்றொரு நாட்டு மண்ணில் மாண்ட ஒருவரின் பெயர் இங்கிலாந்துச் சிற்றூரின் கல்லில் ஏறியது எங்ஙனம்?

இதற்கு விடை காணப் போருக்கு முந்திய ஆண்டுகளை நோக்குதல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் உழவுத் தொழிலாளர் பெற்ற கூலி மிகக் குறைவு. சொந்த நிலம் வாங்குதல் அவர்களுக்குக் கனவாகவே இருந்தது. அக்காலத்தில் கனடா நாட்டு அரசு, மேற்குச் சமவெளியில் குடியேறி உழுவோர்க்கு 160 ஏக்கர் நிலத்தைப் பத்து டாலர் பதிவுக் கட்டணத்தில் வழங்கியது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் குடியேறுவோர்க்குக் கப்பற் கட்டணத்தில் உதவி செய்தன. எனவே, இளைஞர் பலர் தாய்தந்தையரிடம் விடைபெற்றுக் கப்பலேறினர். 1913ஆம் ஆண்டில் மட்டும் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கனடாவில் குடியேறினர். அவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் பிரிட்டனிலிருந்து வந்தவர்கள்.

1914 ஆகஸ்டு 4ஆம் நாள் பிரிட்டன் போரில் இறங்கியது. குடியேறிய நாடுகளில் வாழ்ந்த இளைஞர் பலர் படையில் சேர விரைந்தனர். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் கனடாவிலிருந்து கடல் கடந்த முதற்படையில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட வீரர் இருந்தனர். அவர்களுள் ஏறக்குறைய மூன்றில் இருவர் பிரிட்டனில் பிறந்தவர். ஆஸ்திரேலியப் படையிலும் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் அத்தகையவரே. பிறந்த நாட்டின்பால் கொண்ட பற்று அவர்களைப் படைக்கு அழைத்தது என்பது உண்மை. ஆயினும், அது ஒன்றே காரணமன்று. அந்நாளில் கனடாவில் வேலையின்மை மிகுந்திருந்தது. பிரிந்து வந்த பெற்றோரை மீண்டும் காணலாம் என்னும் ஆவலும் சிலரைத் தூண்டியது. கப்பற் கட்டணம் செலுத்த வழியில்லாதவர்க்குப் படையே ஊர் திரும்பும் வழியாகத் தோன்றிற்று.

ஜான் சிம்சன் கர்க்பாட்ரிக் என்பவரின் வரலாறு இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகும். அவர் 1892இல் இங்கிலாந்தின் வடகீழ்க் கரையிலுள்ள சவுத் சீல்ட்ஸ் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். தந்தை இறந்தபின் கப்பற் பணியில் சேர்ந்து, 1910இல் ஆஸ்திரேலியாவில் கப்பலைவிட்டு நீங்கினார். கிடைத்த வேலைகளையெல்லாம் செய்து, தம் ஊதியத்தில் ஒரு பகுதியைத் தாய்க்கு அனுப்பி வந்தார். போர் மூண்டதும் சிம்சன் என்னும் பெயரில் ஆஸ்திரேலியப் படையின் மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். ஆனால், அப்படை இங்கிலாந்துக்குச் செல்லவில்லை, எகிப்தில் இறக்கப்பட்டது. 1915 ஏப்பிரல் 25ஆம் நாள் துருக்கி நாட்டுக் கலிப்போலிக் கரையில் அவர் இறங்கினார். காயமுற்றோரைக் கழுதையின்மேல் ஏற்றிக் கடற்கரைக்குக் கொணர்ந்து காத்தார். மே மாதம் 19ஆம் நாள் அப்பணியின்போதே குண்டடிபட்டு மாண்டார். அவர் தாயின் முகத்தை மீண்டும் காணவேயில்லை. இன்று அவருக்கு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலும் சிலை உண்டு. பிறந்த ஊராகிய சவுத் சீல்ட்சிலும் சிலை உண்டு.

சிம்சனைப் போன்று புகழ் பெறாதவரே மிகப் பலர். அவர்களின் உடல்களும் பிறந்த ஊருக்குத் திரும்பவில்லை. போரில் மாண்டோரை மாண்ட நாட்டிலேயே அடக்கஞ் செய்தல் வேண்டும் என்பது அரசின் முடிவு. பொருளுடையோர் மட்டும் தம் மைந்தரின் உடலைக் கொணர்வதும், ஏழையர் ஏங்கி நிற்பதும் முறையன்று எனக் கருதப்பட்டது. 1917இல் அமைக்கப்பட்ட போர்க் கல்லறை ஆணையம், படைத்தலைவர்க்கும் எளிய வீரர்க்கும் ஒரே வடிவான கல்லையே நாட்டியது. மைந்தரை இழந்த பெற்றோர் பலர் இம்முடிவை மாற்றுமாறு வேண்டினர். 1920இல் நாடாளுமன்றத்திலும் இது வாதிக்கப்பட்டது. எனினும், முடிவு மாறவில்லை. உடலே கிடைக்காதோரின் பெயர்கள் பெரிய நினைவுச் சின்னங்களில் பொறிக்கப்பட்டன. பெல்ஜியம் நாட்டின் ஈப்பர் நகரில் 1927இல் திறக்கப்பட்ட மெனின் வாயிலில் ஐம்பத்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன. பிரான்சு நாட்டின் விமி என்னுமிடத்தில் 1936இல் திறக்கப்பட்ட சின்னத்தில், கல்லறை அறியப்படாத பதினோராயிரத்துக்கு மேற்பட்ட கனடிய வீரரின் பெயர்கள் உள்ளன.

கடல் கடந்து அவ்விடங்களுக்குச் சென்று வருதல் ஏழைத் தாய்க்கு எளிதன்று. ஆதலின், ஊர்நடுவில் நின்ற கல்லே அவளுக்குக் கல்லறையாயிற்று. அங்கே அவள் மலர் வைத்தாள். பொறித்த எழுத்தைத் தன் விரலால் தடவினாள். இக்கற்களை அரசு நாட்டவில்லை. ஊரார் குழு அமைத்து, செல்வரிடமும் கூலியாளிடமும் நன்கொடை திரட்டி எழுப்பினர். எவர் பெயரைப் பொறிப்பது என்பதற்குச் சட்டம் ஏதுமில்லை. குழுவினரே ஆராய்ந்து முடிவு செய்தனர். ஊரைவிட்டு நீங்கிப் பல்லாண்டு கழிந்தவனை ஊரான் என்று கொள்ளலாமா என்னும் வினா அவர்கள்முன் எழுந்தது. ஊர்தோறும் முடிவு வேறுபட்டது. எனினும், பெற்றோரோ உடன்பிறந்தாரோ ஊரில் வாழ்ந்து வேண்டிக்கொண்டவிடத்துப் பெரும்பாலும் அப்பெயர் இடம்பெற்றது. பேசுவோர் இன்றி விடுபட்ட பெயர்களும் உண்டு.

இனி, குடியேறிய நாட்டின் நிலையையும் காண்போர்க்கு மற்றோர் உண்மை புலப்படும். ஆஸ்திரேலியாவின் சிற்றூர்களிலும் இத்தகைய கற்கள் நிற்கின்றன. படையில் கட்டாயமாக ஆள் சேர்க்கும் திட்டத்தை அந்நாட்டு மக்கள் 1916இலும் 1917இலும் வாக்களித்து மறுத்தனர். கடல் கடந்து சென்ற வீரர் அனைவரும் தாமே விரும்பிச் சேர்ந்தவர். ஆகவே, மாண்டோர் பெயர்களோடு, உயிருடன் திரும்பியோர் பெயர்களையும் பல ஊர்கள் பொறித்தன. அங்கே உழுது வாழ்ந்த இங்கிலாந்து இளைஞனின் பெயரும் அக்கற்களில் உண்டு. இவ்வாறு, ஒரே மனிதனின் பெயர் அவன் பிறந்த ஊரிலும், குடியேறிய ஊரிலும், மாண்ட நாட்டிலும் ஆக மூன்றிடங்களில் காணப்படுதல் கூடும். அவன் உடலோ எங்கும் காணப்படாதிருத்தலும் கூடும்.

ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் இக்கற்களின்முன் ஊரார் கூடுகின்றனர். போர் ஓய்ந்த நாளாகிய நவம்பர் 11ஆம் நாளை நினைந்து இரண்டு நிமிடங்கள் அமைதியாக நிற்கும் வழக்கம் 1919இல் தொடங்கியது. பல ஊர்களில் கல்லிலுள்ள பெயர்கள் ஒவ்வொன்றாகப் படிக்கப்படும். முதல் உலகப் போரில் மாண்ட வீரர்களை நேரிற் கண்டோர் இன்று உயிருடன் இருத்தல் அரிதினும் அரிது. ஆயினும், கனடாவுக்குச் சென்ற மகனின் பெயரும், ஊரிலேயே ஏர் பிடித்து நின்ற மகனின் பெயரும் ஒரே வரிசையில், ஒரே குரலில் ஒலிக்கின்றன. பிழைப்பை நாடிப் பிரிந்தவனை அவ்வூர் அயலானாகக் கருதவில்லை. உடலைக் கொணர இயலாத ஊரார், அவன் பெயரையேனும் தம்மிடையே கொணர்ந்து நிறுத்தினர்.