லாரியின் ஒரிஜினல் ஃபேனை கழற்றிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டலாமா? டீசல் மிச்சமாகுமா.. முழு விவரம்!

டீசல் விலை ஏற ஏற, லாரி ஓனர்கள் மத்தியில் அடிக்கடி எழும் கேள்வி இது. "இன்ஜின் ஃபேன் சும்மா சும்மா சுத்தி டீசலைக் குடிக்குது. அதைக் கழற்றிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் போட்டா மைலேஜ் கூடும்" என்று சிலர் சொல்வார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை கவனிக்காமல் விட்டால், மிச்சமாகும் டீசலை விட பல மடங்கு செலவு இன்ஜின் வேலைக்குப் போய்விடும்.

ஃபேன் உண்மையில் எவ்வளவு சக்தியை எடுக்கிறது?

கம்பெனியில் இருந்து வரும் ஃபேன் இன்ஜினோடு நேரடியாகவோ பெல்ட் மூலமாகவோ இணைந்திருக்கும். ஃபேனின் வேகம் இரண்டு மடங்கானால், அதைச் சுற்ற வைக்கும் சக்தி எட்டு மடங்கு தேவைப்படும். அதனால்தான் பழைய வண்டிகளில் கிளட்ச் இல்லாமல் நேரடியாக மாட்டப்பட்ட ஃபேன், ஆர்.பி.எம் கூடும்போது வீணாக சக்தியை இழுக்கும். கனரக லாரியில் இது 15 கிலோவாட், அதாவது சுமார் 20 குதிரைத் திறனைக் கூட தாண்டலாம்.

ஆனால் இப்போதைய லாரிகள் பலவற்றில் இருப்பது விஸ்கஸ் கிளட்ச் ஃபேன். இதற்குள் சிலிக்கான் ஆயில் இருக்கும். ரேடியேட்டரில் இருந்து வரும் காற்று சூடானால் கிளட்ச் பிடிக்கும், ஃபேன் வேகமாகச் சுற்றும். சூடு குறைந்தால் கிளட்ச் விட்டுவிடும், ஃபேன் மெதுவாகும். மூன்றில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கினாலே, எடுக்கும் சக்தி 27-ல் ஒரு பங்காகிவிடும். அதாவது நல்ல நிலையில் இருக்கும் கிளட்ச் ஃபேன், தேவையில்லாத நேரத்தில் பெரிதாக டீசல் குடிப்பதில்லை.

எலெக்ட்ரிக் ஃபேனுக்கு கரன்ட் எங்கிருந்து வருகிறது?

அதுவும் இன்ஜினில் இருந்துதான். பெல்ட் ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது, ஆல்டர்னேட்டர் ஃபேனுக்கு கரன்ட் தருகிறது. இடையில் கொஞ்சம் சக்தி வீணாகவும் செய்யும்.

இங்கே ஒரு எளிய கணக்கு. 24 வோல்ட் வண்டியில் 20 ஆம்பியர் எடுக்கும் ஃபேன் இரண்டு மாட்டினால், மொத்தம் 960 வாட். ஒரு கிலோவாட் கூட இல்லை. கம்பெனி ஃபேனின் 15 கிலோவாட்டை அப்படியே எலெக்ட்ரிக்கில் கொண்டுவர 600 ஆம்பியருக்கு மேல் கரன்ட் வேண்டும். சாதாரண லாரி ஆல்டர்னேட்டரால் அதற்குப் பக்கத்தில் கூட வர முடியாது.

எங்கே மாட்டிக்கொள்ளும்?

சமதளமான நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை குளிர வைத்துவிடும். அப்போது எந்த ஃபேனும் போதும் போலத்தான் தெரியும். சிக்கல் ஏற்றத்தில்தான். ஃபுல் லோடோடு சேலத்தில் இருந்து தருமபுரி பக்கம் தொப்பூர் மலைப்பாதையில் லாரி ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் முழு பலத்தில் உழைக்கும், வண்டியோ ஊர்ந்துதான் போகும். எதிர்க்காற்று இருக்காது. ரேடியேட்டரைக் காப்பாற்ற வேண்டியது ஃபேன் மட்டுமே. அதற்கு பலம் போதாவிட்டால் கூலன்ட் கொதிக்கும், ஹெட் கேஸ்கட் போகும், இன்ஜினே ஜாம் ஆகலாம்.

அப்போ யாருக்குத்தான் பொருந்தும்?

அமெரிக்காவின் ஜி.எம் நிறுவனம் இதற்கு நல்ல உதாரணம். அதன் செவர்லே சில்வராடோ 1500 பிக்-அப்பில் 2005 மாடலில் எலெக்ட்ரிக் ஃபேன் வந்தது. ஆனால் அதிக பாரம் இழுக்கும் 2500 ஹெச்.டி மாடலில் அப்போது கிளட்ச் ஃபேனே தொடர்ந்தது. குறைந்த லோடு ஏற்றும் சின்ன பிக்-அப்களுக்கு எலெக்ட்ரிக் ஃபேன் சரிவரலாம், கனரக லாரிக்கு ரிஸ்க் என்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

பிக்-அப்பில் மாற்றுவதாக இருந்தால் கவனிக்க வேண்டியவை

* ரேடியேட்டர் முழுவதையும் மூடும் ஃபேன் கவர் அவசியம். கவர் இல்லாவிட்டால் ஃபேனுக்கு நேராக இருக்கும் பகுதி மட்டுமே குளிரும்.

* ஃபேனை ரேடியேட்டர் தகடுகளுக்குள் டேக் போட்டுக் கட்டக்கூடாது. அதிர்வில் டியூப் ஓட்டையாகிவிடும்.

* ஒவ்வொரு ஃபேனுக்கும் தனி ரிலே, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ், தடிமனான வயர் வேண்டும். மெல்லிய வயரில் இவ்வளவு கரன்ட் போனால் வயர் உருகி தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

* டாஷ்போர்டு சுவிட்சை மட்டும் நம்பக்கூடாது, டிரைவர் மறந்தால் கதை முடிந்தது. டெம்பரேச்சர் சுவிட்ச் வேண்டும். தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கும் வண்டி என்றால், ஃபேன் சுமார் 92-ல் ஓடத் தொடங்கி 87-ல் நிற்கும்படி வைக்கலாம்.

* ஏசி இருந்தால், அதைப் போட்டதும் ஃபேனும் ஓட வேண்டும்.

* பிளஸ், மைனஸ் மாறினால் ஃபேன் தலைகீழாகச் சுற்றி எதிர்க்காற்றோடு சண்டை போடும். மாட்டியதும் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும்.

* புதிய வண்டிகள் சிலவற்றில் ஃபேன் கிளட்ச்சை ECU-வே கட்டுப்படுத்துகிறது. கழற்றினால் செக் இன்ஜின் லைட் எரியலாம், வாரன்டியும் போகலாம்.

அதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்

மைலேஜ் குறைந்ததற்குக் காரணம் பழுதான கிளட்ச்சாகக் கூட இருக்கலாம். இன்ஜின் ஆறியிருக்கும்போது, சாவியை எடுத்துவிட்டு ஃபேனை கையால் சுற்றிப் பார்க்கலாம். லேசான பிடிப்போடு சுற்றி நின்றால் பெரும்பாலும் சரியாக இருக்கிறது. தடையே இல்லாமல் பல சுற்று சுற்றினால் கிளட்ச் பிடிக்கவில்லை. அசையவே அசையாவிட்டால் ஜாம் ஆகிவிட்டது, அது எப்போதும் முழு வேகத்தில் சுற்றி டீசலைத் தின்னும். கிளட்ச் ஓரத்தில் ஆயில் கசிந்த தடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கிளட்ச்சை மாற்றி, ரேடியேட்டரில் அடைத்திருக்கும் மண், தூசியை சுத்தம் செய்து, பெல்ட்டையும் சரிபார்த்தாலே பல வண்டிகளில் பிரச்னை தீர்ந்துவிடும். அதன் பிறகும் ஃபேனை மாற்றத்தான் வேண்டுமென்றால், மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு டீசல் மிச்சமாகும்?" என்பதல்ல. "ஃபுல் லோடில் மலை ஏறும்போது இது தாங்குமா?" என்பதுதான்.