எட்டு மாத்திரை மிச்சம்: வீட்டில் கீமோ மாத்திரை சாப்பிடுவது பற்றி ஒரு குறிப்பு

"ஊசி வேண்டாம், மாத்திரையே போதும்னு டாக்டர் சொல்லிட்டாங்க." இதைச் சொல்லும்போது பலருடைய குரலில் ஒரு நிம்மதி தெரியும். நியாயமான நிம்மதிதான். ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம், நாள் முழுக்க டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு படுத்துக் கிடக்க வேண்டாம். ஆனால் கூடவே இன்னொரு நினைப்பும் வந்து ஒட்டிக்கொள்கிறது: மாத்திரைன்னா லேசான மருந்துதானே?

இல்லை. பெருங்குடல், மார்பகப் புற்றுநோய்களுக்குப் பரவலாகத் தரப்படும் கேப்பசைட்டபின் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 1998இல் இதற்கு அனுமதி கிடைத்தது. விழுங்கிய பிறகு உடம்புக்குள் இது ஃபுளுரோயுராசிலாக மாறுகிறது. பல பத்தாண்டுகளாக நரம்பு வழியாக ஏற்றிவரும் அதே கீமோ மருந்து அது. உள்ளே போகும் வழிதான் வேறு.

ஆஸ்பத்திரியில் அந்த மருந்து ஏறுவதற்கு முன் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று யோசியுங்கள். நர்ஸ் பெயர் கேட்டு உறுதி செய்கிறார், கேஸ் ஷீட்டில் டோஸ் பார்க்கிறார். ரத்தப் பரிசோதனையில் அணுக்கள் குறைவாக இருந்தால் அன்றைக்கு மருந்து கிடையாது என்று திருப்பி அனுப்புகிறார்கள். வீட்டில் இத்தனை வேலையையும் நோயாளியும், கூட இருக்கும் மகளோ கணவரோதான் செய்ய வேண்டும். பெரும்பாலும் அது தங்கள் வேலை என்றே அவர்களிடம் யாரும் விளக்கிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். இந்த மாத்திரையின் வழக்கமான முறை 14 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்துவது. வேளைக்கு 2000 மில்லிகிராம் என்று ஒருவருக்கு எழுதியிருந்தால், 500 மில்லிகிராம் மாத்திரை காலையில் நான்கு, இரவில் நான்கு. ஒரு நாளைக்கு 8, பதினான்கு நாளைக்கு 112. அட்டைக்குப் பத்து மாத்திரை என்றால் 12 அட்டை வாங்க வேண்டியிருக்கும். பதினான்காம் நாள் இரவு கையில் மிச்சம் எட்டு மாத்திரை. சரியாக ஒரு நாள் மருந்து!

விலை கொடுத்து வாங்கிய மருந்து, நோயோ பெரிய நோய், ஒரு நாள் கூடச் சாப்பிட்டால் நல்லதுதானே என்று மனசு சொல்லும். அங்கேதான் ஆபத்து. அந்த ஏழு நாள் ஓய்வும் சிகிச்சையின் ஒரு பகுதி. வேகமாகப் பெருகும் செல்களைத்தான் இந்த மருந்து தாக்கும். புற்றுநோய் செல் மட்டுமல்ல, எலும்பு மஜ்ஜையும் குடலின் உள்சுவரும் அப்படிப்பட்டவைதான். அவை தேறி வருவதற்குத்தான் அந்த வாரம். மிச்சத்தை அடுத்த சுற்றுக்கு எடுத்து வையுங்கள். சிகிச்சையே முடிந்துவிட்டால் ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுங்கள். குப்பையிலோ கழிவறையிலோ போட வேண்டாம்.

இதைவிட மோசமாகத் தப்பு நடக்கக்கூடியது மெத்தோட்ரெக்ஸேட் விஷயத்தில். இதுவும் ஒரு கீமோ மருந்துதான். ஆனால் முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் இதைக் குறைந்த அளவில், வாரத்துக்கு ஒரே ஒரு நாள் தருகிறார்கள். 'வாரம் ஒன்று' என்பதைத் 'தினம் ஒன்று' என்று புரிந்துகொண்டு சாப்பிட்டு இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. எந்தக் கிழமை என்பதை அட்டையின் மேலேயே பெரிதாக எழுதி வைப்பது உயிர் காக்கும் காரியம்.

அடுத்தது சாப்பாடு. கேப்பசைட்டபினைச் சாப்பிட்டு முடித்த அரை மணி நேரத்துக்குள் தண்ணீரோடு விழுங்க வேண்டும். புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தரும் அபிராட்டிரோன் இதற்கு நேர் எதிர். வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும். கொழுப்பு நிறைந்த சாப்பாட்டோடு சாப்பிட்டால் ரத்தத்தில் சேரும் மருந்தின் அளவு பத்து மடங்கு வரை கூடிவிடலாம். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் எப்படிச் சாப்பிட்டார் என்பது நமக்குப் பயன்படாது. மருந்தின் பெயரைச் சொல்லி, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எவ்வளவு நேரம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு, 'சத்து மாத்திரை'. உடம்பு தளர்ந்திருக்கிறதே என்று வீட்டில் யாராவது விட்டமின் வாங்கி வருவார்கள். அதில் ஃபோலிக் ஆசிட் இருந்தால் கேப்பசைட்டபினின் நச்சுத்தன்மை கூடும். ஆனால் முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுபவருக்கு, பக்கவிளைவைக் குறைக்க டாக்டரே அதே ஃபோலிக் ஆசிட்டை எழுதித் தருவார். ஒருவருக்குக் காப்பு, இன்னொருவருக்குக் கேடு. இதேபோல ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், வலிப்புக்கு ஃபெனிட்டோயின் சாப்பிடுபவர்கள் கேப்பசைட்டபின் தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். நாட்டு மருந்து, லேகியம் எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டு விழுந்தால் விழட்டும்.

கையாளுவதில் சில விஷயங்கள். மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. விழுங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி வேறு வழி கேளுங்கள். எடுத்துக் கொடுப்பவர் கையுறை போட்டுக்கொள்வது நல்லது. நோயாளி தன் கையாலேயே எடுத்துப் போட்டுக்கொண்டு சோப்புப் போட்டுக் கை கழுவலாம். கர்ப்பமாக இருப்பவர்கள் இந்த மாத்திரைகளைத் தொடவே வேண்டாம். பிரஷர், சுகர் மாத்திரை டப்பாவில் இதைக் கலந்து வைக்காதீர்கள். குழந்தைக்கு எட்டாத தனி இடம் வேண்டும். மருந்து சாப்பிடும் நாட்களிலும் கடைசி டோஸுக்குப் பின் 48 மணி நேரமும் கழிவறையை மூடி போட்டு இரண்டு முறை ஃப்ளஷ் செய்யுங்கள். வாந்தியோ சிறுநீரோ பட்ட துணியைக் கையுறை போட்டு எடுத்துத் தனியாகத் துவையுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால்? கேப்பசைட்டபினைப் பொறுத்தவரை அந்த வேளையை விட்டுவிடுங்கள். அடுத்த வேளைக்கு வழக்கமான அளவுதான், இரட்டிப்பாகக் கூடாது. விழுங்கியதும் வாந்தி வந்தாலும் மறுபடி போட வேண்டாம்.

கடைசியாக, ரொம்ப முக்கியமானது: எப்போது நிறுத்திவிட்டு ஃபோன் செய்வது. வழக்கத்தைவிட நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் வயிற்றுப்போக்கு, ராத்திரியில் எழுந்து போக வேண்டிய நிலை, சாப்பிட முடியாத அளவுக்கு வாய்ப்புண், உள்ளங்கை உள்ளங்கால் சிவந்து வீங்கி வலிப்பது, நெஞ்சு வலி. இதில் எது வந்தாலும் அடுத்த மாத்திரைக்கு முன் ஆஸ்பத்திரிக்குப் பேசுங்கள். நெஞ்சு வலி என்றால் ஃபோனோடு நிற்காமல் உடனே கிளம்புங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. பாராசிட்டமால் போட்டுப் பார்ப்போம் என்று இருந்தால் காய்ச்சல் மறையும், உள்ளே இருக்கும் தொற்று மறையாது. சிலருக்கு இந்த மருந்தைச் சிதைக்கும் டிபிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக இருக்கும். அவர்களுக்கு முதல் சுற்றிலேயே, சில நாட்களுக்குள், நிலைமை மோசமாகலாம். 2020இலிருந்து ஐரோப்பிய மருந்து முகமை இதற்கு முன்கூட்டியே பரிசோதனை செய்யப் பரிந்துரைக்கிறது. இங்கே செய்ய முடியுமா என்று உங்கள் டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

கை தோல் உரிவது பற்றி ஒரு துணைச் செய்தி. கேப்பசைட்டபின் சாப்பிட்டு வந்த சிங்கப்பூர்க்காரர் ஒருவருக்கு விரல் ரேகை அழிந்துபோய், அமெரிக்க விமான நிலையத்தில் அவரை நிறுத்தி வைத்துவிட்டார்கள். 2009இல் மருத்துவ இதழ் ஒன்றில் இது வெளியானது. நம் ஊரில் ரேஷன் கடைக்கே விரல் வைக்க வேண்டியிருக்கிறது. மெஷின் ரேகையை எடுக்கவில்லை என்றால் பதற வேண்டாம். மருந்தைக் குறிப்பிட்டு டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

"நிறுத்தினா நோய் முத்திடுமோ" என்ற பயத்தில்தான் பலர் வயிற்றுப்போக்கோடும் வாய்ப்புண்ணோடும் மாத்திரையை விழுங்கிக்கொண்டே இருக்கிறார்கள். பக்கவிளைவு கடுமையானால் நிறுத்துவதும், தேறியபின் அளவைக் குறைத்துத் தொடங்குவதும் டாக்டர்கள் வழக்கமாகச் செய்வதுதான். அது தோல்வி இல்லை. சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் பதினான்கு நாளுக்கு டிக் போடக் கட்டம் வரையுங்கள். அடுத்த ஏழு கட்டங்களில் 'இல்லை' என்று சிவப்பு மையில் எழுதுங்கள். கீழே, ராத்திரியிலும் எடுக்கிற ஆஸ்பத்திரி நம்பர். மருந்து வாங்கும் அன்றைக்கே இதைச் செய்துவிடுங்கள்.