உப்புக்காத்துல காரும் ஹோம் தியேட்டரும்: சம்பளக்காரங்களுக்கு ஒரு முழுக் கணக்கு

கார் வாங்குற ஆசையையும், வீட்டுல பெரிய டிவி, நல்ல ஸ்பீக்கர் போட்டுப் படம் பார்க்குற ஆசையையும் நான் தப்பு சொல்லவே மாட்டேன். எனக்கும் அந்த ரெண்டு பைத்தியமும் உண்டு. ஆனா இன்னிக்கு எந்தக் கார் நல்லது, எந்த சவுண்ட்பார் நல்லதுன்னு பேசப் போறதில்லை. வாங்கின பிறகு அதை உயிரோட வெச்சிருக்க எவ்வளவு ஆகும்? அதுவும் கடலோரத்துல, ஏரியோரத்துல இருந்தா? அதுதான் இன்னிக்கு விஷயம்.

எடுத்துக்காட்டுக்கு சுண்ணாம்புக்குளம் பக்கத்தை எடுத்துக்குவோம். திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி தாலுகா, பழவேற்காடு ஏரிக்கரை. ஒடிசாவோட சிலிக்காவுக்கு அடுத்தபடியா இந்தியாவோட ரெண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவுல ஸ்ரீஹரிகோட்டா தீவு மட்டும்தான். அப்பா ஏரியில வலை போடுறார், பையனோ பொண்ணோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டுலயோ ஸ்ரீசிட்டியிலயோ ஷிப்ட் வேலைக்குப் போறாங்கன்னு இருக்கிற வீடுகள் இந்தப் பக்கம் உண்டு. முதல் சம்பளத்துல போன், அடுத்து பைக், அப்புறம் டிவி, கார். எண்ணூர், கோவளம், நாகப்பட்டினம், தூத்துக்குடின்னு எந்தக் கடலோரத்துல இருந்தாலும் இந்தக் கணக்கு உங்களுக்கும் பொருந்தும்.

உப்பு எப்படி வேலை பண்ணுது?

துரு பிடிக்க இரும்பு, தண்ணி, ஆக்சிஜன் மூணும் வேணும். உப்பு அந்த வேலையை வேகப்படுத்துது. இதுல நிறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. சாப்பாட்டு உப்பு, காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினா தானாவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிச்சிடும். கடலோரத்துல ராத்திரி நேரத்துல அந்த அளவு ஈரம் சாதாரணம். அதாவது மழையே பெய்யாட்டியும், கார் அடியில ஒட்டின உப்பு ராத்திரி ஈரமாகும், பகல்ல காயும், மறுபடி ஈரமாகும். டிவி போர்டு மேல படிஞ்ச உப்புத் தூசிக்கும் இதே கதைதான்.

இதை மீனவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கடலுக்குப் போய் வந்த போட் எஞ்சினை நல்ல தண்ணி விட்டு அலசுறது ஏன்? எஞ்சின் போனா அன்னிக்கு வருமானம் போச்சு. அதே புத்தியைக் காருக்கும் டிவிக்கும் பயன்படுத்துறதுதான் இந்தக் கட்டுரையோட சாரம்.

காருக்கு எங்கே செலவு பண்ணணும்?

மேல பளபளன்னு இருக்கிறதுக்கு செராமிக் கோட்டிங் போடுங்கன்னு எல்லாரும் சொல்வாங்க. பெயிண்ட்டுக்கு அது நல்லதுதான். ஆனா காரைத் தின்னுற துரு பெரும்பாலும் கீழேயும் மடிப்புகள்லயும்தான் ஆரம்பிக்குது. கையில காசு கம்மின்னா, இந்த வரிசையில போங்க:

1. அண்டர்பாடி வாஷ். மாசம் ஒரு தடவை, வண்டியைத் தூக்கி அடியில பிரஷர் வாட்டர் அடிக்கச் சொல்லுங்க. வீல் ஆர்ச் உள்பக்கத்தையும் விடாதீங்க.

2. எந்தத் தண்ணியில கழுவுறோம்? கரையோர போர் தண்ணி பல இடத்துல உவர்ப்புதான். அதுல கழுவி அப்படியே காய விட்டா, உப்பை எடுத்துட்டு உப்பையே பூசுற மாதிரி. கடைசி அலசலுக்கு ரெண்டு பக்கெட் நல்ல தண்ணி போதும். மாடியில பிடிச்ச மழைத்தண்ணி இருந்தா அதைவிட நல்லது எதுவும் இல்லை, செலவும் இல்லை.

3. கதவு அடி ஓட்டைகள். ஒவ்வொரு கதவுக்கும் கீழே தண்ணி வடிய சின்ன ஓட்டைகள் இருக்கும். மண் அடைச்சா தண்ணி உள்ளேயே நிக்கும், கதவு உள்ளிருந்து துரு பிடிக்கும். ஒரு பிளாஸ்டிக் குச்சியால சுத்தம் பண்றது அஞ்சு நிமிஷ வேலை.

4. கல்லடி பட்ட இடம். பானெட்ல பெயிண்ட் பெயர்ந்து இரும்பு தெரிஞ்சா உடனே டச்-அப் பெயிண்ட் வைங்க. ஊர்ல ஒரு வாரம் தாங்குற காயம், உப்புக்காத்துல தாங்காது.

5. பேட்டரி டெர்மினல். சுத்தம் பண்ணி, இறுக்கி, மேல கொஞ்சம் வாசலின் தடவி விடுங்க.

6. கவர். ஈரக் காருக்குக் கவர் போடாதீங்க. காத்து புகாத பிளாஸ்டிக் கவரை விட, காத்தோட்டமான கூரை எவ்வளவோ மேல்.

புது வண்டின்னா, கூடுதலா அண்டர்பாடி கோட்டிங் தேவையான்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. கம்பெனியே சில இடங்கள்ல போட்டுத்தான் அனுப்புறாங்க. ஏற்கனவே துரு இருக்கிற பழைய வண்டியில, துருவைச் சுரண்டாம மேல கருப்புக் கோட்டிங் அடிச்சா துரு உள்ளேயே வளரும். கடலோரத்துல பழைய கார் வாங்கும்போது அடியில புதுசா கருப்படிச்சிருந்தா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க. மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய் லிப்ட்ல ஏத்திப் பாருங்க.

இன்ஷூரன்ஸ் எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்காது?

துரு, தேய்மானம் எதுக்கும் மோட்டார் பாலிசியில காசு வராது. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் கோளாறுக்கும் அப்படித்தான். உப்புக்காத்துக்கு எதிரா உங்க ஒரே இன்ஷூரன்ஸ் அந்தத் தண்ணிக் குழாய்தான்.

வெள்ளம் வேற கதை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல சென்னையும் சுத்தியுள்ள மாவட்டங்களும் எப்படி முங்கிச்சுன்னு பார்த்தோம். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தா உங்க காருக்கு ஒரு ரூபாயும் வராது. காம்ப்ரிஹென்சிவ் இருந்தா வெள்ளச் சேதம் கவர் ஆகும். ஆனா தண்ணியில நின்ன வண்டியை சாவி திருகி ஸ்டார்ட் பண்ணப் போய், எஞ்சினுக்குள்ள தண்ணி புகுந்து கனெக்டிங் ராட் வளைஞ்சா, அது பின்விளைவுச் சேதம்னு சொல்லிக் கிளெய்மை மறுக்கலாம். அதுக்குத்தான் எஞ்சின் புரொடெக்ட் ஆட்-ஆன். ஏரிக்கரையில இருக்கிறவங்க இதைக் கண்டிப்பா எடுங்க. ஆட்-ஆன் இருந்தாலும் தண்ணியில நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க. போட்டோ எடுங்க, கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்க, டோ பண்ணிக் கொண்டு போங்க.

கார்ல தனியா ஆம்ப்ளிஃபையர், சப்வூஃபர், ஸ்டீரியோன்னு போட்டிருக்கிற நம்ம ஆளுங்க கவனிக்கணும். வெளியில வாங்கிப் போட்டதை பாலிசியில தனியா அறிவிச்சு, அதுக்குக் கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டினாத்தான் கவர் ஆகும். பில்லை பத்திரமா வைங்க.

சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடாதீங்க. கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்கு நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம்னு ஏறும். உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் 9,000 ரூபாய்னு வைங்க. 45 சதவீதம் வர வேண்டிய வருஷம் கிளெய்ம் போட்டா, அந்த ஒரு வருஷத்துலயே 4,050 ரூபாய் போச்சு. 3,000 ரூபாய் வேலைக்கு அது தேவையா?

வீட்டுக்குள்ள: டிவி, ஆம்ப், ஸ்பீக்கர்

2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேல இருக்கிற டிவிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்துலேர்ந்து 18 ஆச்சு. இப்போ 45,000 ரூபாய்க்கு வர்ற டிவி, பழைய வரியில சுமார் 48,800 ஆகியிருக்கும். மிச்சம் 3,800. என் யோசனை, இந்த 3,800-ஐ இன்னும் பெரிய சைஸுக்குப் போடாதீங்க. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபாருங்க, நல்ல சர்ஜ் புரொடெக்டர் ஒண்ணு வாங்குங்க. எர்த் சரியில்லாத வீட்டுல சர்ஜ் புரொடெக்டர் முழுசா வேலை செய்யாது, அதனால எர்த்தை முதல்ல பாருங்க.

அதுக்கப்புறம் காசில்லாம செய்யக்கூடியவை:

- கடல் காத்து நேரா அடிக்கிற ஜன்னலுக்கு எதிர்ல டிவியை மாட்டாதீங்க. சுவர் ஈரம் கசியுதான்னு கை வெச்சுப் பாருங்க.
- எலக்ட்ரானிக்ஸ் சும்மா கிடந்தாத்தான் ஈரம் ஏறும். தினம் கொஞ்ச நேரம் ஓடுற டிவிக்குள்ள இருக்கிற சூடு ஈரத்தை விரட்டும். ஊருக்குப் போனா பிளக்கைப் பிடுங்கிட்டு, துணி போட்டு மூடிட்டுப் போங்க.
- ஆம்ப்ளிஃபையரைப் பூட்டின அலமாரிக்குள்ள வைக்காதீங்க. உப்புக்குப் பயந்து மூடினா சூட்டுல போகும். ஓடும்போது திறந்த ரேக், ஓடாதப்போ துணிக் கவர்.
- சிலிக்கா ஜெல் பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீங்க. ஹெட்போன், கேமரா, ஹார்ட் டிஸ்க் வைக்கிற டப்பாவுல போடுங்க.
- ஸ்பீக்கர் ஒயர் முனை பச்சையாச்சுன்னா, அந்த முனையை வெட்டிப் புதுசா சீவி மாட்டுங்க. ஒயர் வாங்கும்போது அலுமினியம் மேல செம்பு பூசினதை வேண்டாம்னு சொல்லுங்க. படகு வயரிங்குக்குப் பயன்படுத்துற, ஈயம் பூசின செம்பு ஒயர் கிடைச்சா கடலோர வீட்டுக்கு அதுதான் சரி.

வாரண்டி கார்டைப் படிச்சுப் பாருங்க. தண்ணி, துரு, பூச்சி, வோல்டேஜ் ஏற்றத்தாழ்வுனால வர்ற சேதத்தை வாரண்டியிலேர்ந்து நீக்கி வைக்கிறது வழக்கம். எக்ஸ்டெண்டட் வாரண்டி விக்கும்போதும் இதே கேள்வியைக் கேளுங்க. "துருவுக்குக் கவர் உண்டா?" இல்லைன்னு பதில் வந்தா, கடலோர வீட்டுக்கு அதோட மதிப்பு பாதிதான்.

புயல், வெள்ளம், இடி, தீ இதுக்கெல்லாம் பாரத் கிருஹ ரக்ஷான்னு ஒரு ஸ்டாண்டர்ட் வீட்டுப் பாலிசி 2021 ஏப்ரல்லேர்ந்து இருக்கு. வீட்டுக் கட்டடத்தோட சேர்த்து எடுத்தா, கட்டடக் காப்பீட்டுத் தொகையில 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம், வீட்டுப் பொருளுக்குத் தானாவே கவர் உண்டு. கட்டடத்துக்கு 15 லட்சம்னா பொருளுக்கு 3 லட்சம். வாடகை வீட்டுக்காரங்க பொருளுக்கு மட்டும் எடுக்கலாம். ஆனா இதுலயும் மெதுவா அரிக்கிற துருவுக்குக் காசு கிடையாது.

"நோ காஸ்ட் இஎம்ஐ"யில வாங்குறீங்களா? ஜீரோ சதவீத வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே சொல்லிடுச்சு. வட்டியை விலையில தள்ளுபடியா காட்டுறாங்க, அவ்வளவுதான். முழுப் பணம் கொடுத்தா என்ன விலைன்னு ஒரு தடவை கேளுங்க. கிரெடிட் கார்டுன்னா பிராசஸிங் கட்டணம், வட்டி மேல ஜிஎஸ்டி ரெண்டையும் சேர்த்துப் பாருங்க.

இப்போ மாசக் கணக்கு

8 லட்சம் ரூபாய் கார், 6 லட்சம் கடன், 9.5 சதவீத வட்டின்னு வெச்சுக்குவோம்.

- 5 வருஷம்: இஎம்ஐ சுமார் 12,600. மொத்த வட்டி சுமார் 1.56 லட்சம்.
- 7 வருஷம்: இஎம்ஐ சுமார் 9,800. மொத்த வட்டி சுமார் 2.24 லட்சம்.

மாசம் 2,800 குறையுதேன்னு 7 வருஷத்துக்குப் போறோம். மூணு வருஷம் முடிஞ்சதும் 5 வருஷக்காரருக்கு பாக்கி சுமார் 2.75 லட்சம். 7 வருஷக்காரருக்கு 3.9 லட்சம். மூணு வருஷம் தாண்டின காருக்கு இன்ஷூரன்ஸ்ல 40 சதவீதம் தேய்மானம் கழிப்பாங்க, அதாவது ஐடிவி 4.8 லட்சம். அடியில துருப் பிடிச்சிருந்தா மார்க்கெட்ல அதுவும் கிடைக்காது. திடீர்னு வேலை மாறி வண்டியை வித்தாகணும்னு வந்தா, கையில மிஞ்சுறது என்ன? நீண்ட கடனும் துருவும் சேர்ந்தா அதுதான் ஆபத்து.

இஎம்ஐயோட சேர்த்து மாசாமாசம் ஒதுக்க வேண்டியது:

- இன்ஷூரன்ஸ் வருஷம் 15,000: மாசம் 1,250
- சர்வீஸ் வருஷம் 9,000: மாசம் 750
- அண்டர்பாடி வாஷ், டச்-அப்: 500
- நாலு டயர் 20,000, நாலு வருஷத்துக்கு ஒரு தடவை: சுமார் 420
- வீட்டு எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் நிதி: 500

மொத்தம் சுமார் 3,400. மாசம் 800 கிலோமீட்டர் ஓட்டினா, லிட்டருக்கு 16 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய்ன்னா பெட்ரோல் 5,000. இஎம்ஐ 12,600 சேர்த்தா 21,000. இது என் எடுத்துக்காட்டு, உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க. ஆனா சம்பளம் 40,000 வாங்குறவருக்கு இது பாதிக்கு மேல. அவருக்கு நான் சொல்றது, இன்னும் ரெண்டு வருஷம் டவுன் பேமெண்ட் சேருங்க, இல்லைன்னா 3 லட்சத்துக்குள்ள கடன் வர்ற மாதிரி, அடியைப் பார்த்து ஒரு பழைய கார் எடுங்க. 80,000 வாங்குறவர் தாராளமா புதுசு எடுக்கலாம்.

அந்த 3,400-ஐ சம்பளம் வந்த அன்னிக்கே தனி ஆர்டியிலயோ தனி சேவிங்ஸ் அக்கவுண்ட்லயோ போட்டுடுங்க. மீதி இருந்தா போடலாம்னு வெச்சா எப்பவும் மீதி இருக்காது.

பழவேற்காட்டுல பாடு முறைன்னு ஒண்ணு உண்டு. யார் எந்த இடத்துல எந்த நாள் வலை போடணும்னு முறை வெச்சுப் பங்கிட்டுக்குவாங்க. எல்லாரும் ஒரே நாள்ல ஏரியில இறங்கினா யாருக்கும் மீன் நிக்காதுன்னு தெரிஞ்சவங்க போட்ட ஏற்பாடு. நம்ம ஆசைகளுக்கும் அதே மாதிரி முறை வைப்போம். இந்த வருஷம் டிவியோட முறை, கார் அதோட முறைக்குக் காத்திருக்கட்டும். ரெண்டுக்கும் ஒரே நேரத்துல இஎம்ஐ ஓட வேண்டாம்.

இந்த ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் ஒதுக்கி ரெண்டு வேலை பண்ணுங்க. கார் இருந்தா கதவு அடி ஓட்டையைப் பாருங்க, பாலிசியில எஞ்சின் புரொடெக்ட் இருக்கான்னு பாருங்க. கார் இல்லைன்னா, மேல சொன்ன மாசக் கணக்கை உங்க சம்பளத்துக்குப் போட்டுப் பாருங்க. அடுத்த வீடியோவுல பழைய கார் வாங்கும்போது கேட்க வேண்டிய பேப்பர்கள் என்னென்னன்னு பார்ப்போம்.