அம்மாவின் தட்டில் என்ன இருக்கிறது?

மாலை ஆறு மணிக்கு மேல் ஆம்பூர் நெடுஞ்சாலையோரம் நின்றால் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். மாதனூர், பேர்ணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களுக்கு ஷூ கம்பெனிப் பெண்களைக் கொண்டுபோய் விடுகிற பஸ்கள் அவை. ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு வருகிறவர்களில் இருபது வயதுப் பெண்ணும் இருப்பாள், நாற்பத்தெட்டு வயது அம்மாவும் இருப்பார். இருபது வயதுக்காரி வீட்டுக்குப் போய் முகம் கழுவினால் தெளிந்துவிடுவாள். அம்மாவுக்கு அப்படித் தெளிவதில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முதுகும் இடுப்பும் பிடித்துக்கொள்கின்றன. ராத்திரியில் பாதம் எரிகிறது. என்ன என்று கேட்டால் ஒரே பதில்தான்: "வயசாயிடுச்சு இல்ல, அப்படித்தான் இருக்கும்."

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வயதின் மேல் நாம் போடும் பழியில் கணிசமான பங்கு சாப்பாட்டுத் தட்டுக்குப் போய்ச் சேர வேண்டியது.

கணக்கில் வராத வயது

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பெண்களில் ஒருவருக்கு மேல். அந்தக் கணக்கு 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களைப் பற்றியது. ஐம்பது பிறந்ததும் பெண் அதிலிருந்து வெளியே போய்விடுகிறார்.

திட்டங்களும் அப்படித்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை, கர்ப்பிணிகளுக்கு அங்கன்வாடியில் சத்துமாவு, முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு நிதியுதவி. எல்லாமே வேண்டியவை. ஆண் டாக்டரிடம் காட்ட வீட்டார் சம்மதிக்காததால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனதைக் கண்டுதான் ஐடா ஸ்கட்டர் மருத்துவம் படிக்கப் போனார். திரும்பி வந்து 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். அதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. அப்படிப்பட்ட ஊரில் பிரசவகால கவனிப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் பிள்ளை பெற்று முடித்த பெண்ணுக்கு இன்னும் முப்பது, முப்பத்தைந்து ஆண்டு வாழ்க்கை மீதி இருக்கிறது. அந்த ஆண்டுகளில் அவர் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்ல யாரும் கதவைத் தட்டுவதில்லை. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அப்படி வருகிற ஊழியரிடம் ரத்தத்தின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பட்டையில் இருந்தது டீயிலும் இருக்கிறது

வீட்டிலிருந்தபடி அப்பர் தைக்கிற பெண்களை இந்தப் பக்கம் தெருத்தெருவாகப் பார்க்கலாம். வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்து, ஷூவின் மேல்பாகத்தை மடியில் வைத்து, தடித்த ஊசியால் குத்தி இழுத்து இழுத்துத் தைப்பார்கள். கூலி ஜோடிக் கணக்கில். எழுந்தால் கூலி போகும் என்பதால் பகல் சோறும் அங்கேயே. எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, ஐம்பதைத் தொட்டவர், ரசம் சோறு சாப்பிட்ட தட்டைக் கழுவும் முன்பே டீ டம்ளரைக் கையில் எடுத்துவிடுவார். டீ உள்ளே போனால்தான் கை ஓடும் என்பார். அவருடைய கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளிறிக் கிடந்தது.

தோல் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். குரோம் உப்பு வருவதற்கு முன்பு இங்கே ஆவாரம்பட்டை போட்டுத்தான் தோல் பதனிட்டார்கள். பட்டையில் இருக்கும் டானின், பச்சைத்தோலின் புரதத்தை இறுகப் பிடித்துக்கொண்டு அதை அழுகாமல் காக்கிறது. அதே இனத்துப் பொருள்தான் டீயின் துவர்ப்புக்கும் காரணம். அது சோற்றோடு சேர்ந்து வயிற்றுக்குள் போனால் கீரையிலும் பருப்பிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளும். உடம்பில் சேர வேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் வீணாகிவிடும். டீயை விட்டுவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். நாள் முழுக்க ஊசி பிடிக்கிறவருக்கு அந்த டம்ளர் டீ எவ்வளவு ஆறுதல் என்று தெரியும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் விட்டால் போதும்.

வைட்டமின் சி இதற்கு நேர் எதிர்வேலை செய்கிறது. சாப்பாட்டோடு ஒரு கொய்யாத் துண்டு, ஒரு பெரிய நெல்லிக்காய், பருப்பில் பிழிந்த அரை மூடி எலுமிச்சை என ஏதாவது ஒன்று சேர்ந்தால் அதே கீரையிலிருந்து உடம்பு கூடுதலாக இரும்பை எடுத்துக்கொள்ளும். எலுமிச்சையைக் கொதிக்கும்போது பிழியாமல் இறக்கிய பிறகு பிழிய வேண்டும்.

கறி சாப்பிடுகிற வீடுகளில் ஆட்டு ஈரல், சுவரொட்டி, மாட்டுக்கறி ஆகியவற்றில் உள்ள இரும்பு இன்னும் எளிதாக உடம்பில் சேரும். சுவரொட்டி ரத்தம் ஊறச் செய்யும் என்று பெரியவர்கள் சொன்னது சரிதான், இரும்புச்சத்து அதில் அவ்வளவு இருக்கிறது. ஆனால் அது யாருடைய தட்டுக்குப் போகிறது? வயசுக்கு வந்த மகளுக்கு, பிள்ளை பெற்ற மருமகளுக்கு. வறுத்துக் கொடுக்கிற அம்மா கடைசியாக உட்கார்ந்து, சட்டியின் அடியில் மிஞ்சிய மசாலாவில் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு எழுந்துவிடுகிறார். எத்தனை வைட்டமின் பெயர்களை எழுதினாலும் இந்தக் கடைசிப் பந்தி மாறாதவரை பயன் குறைவு.

நாற்பதுகளில், மாதவிலக்கு நிற்கப்போகும் ஆண்டுகளில், சிலருக்கு ரத்தப்போக்கு அதிகமாகும். "நிக்கப்போகுது, அதான்" என்று தாங்கிக்கொண்டே ரத்தத்தை இழப்பார்கள். மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம் அது. மாதவிலக்கு நின்ற பிறகும் ரத்தசோகை தொடர்ந்தால் இன்னும் கவனம் தேவை. குடலில் எங்கோ ரத்தம் கசியலாம். அதைத் தேடிப் பார்க்காமல் டானிக் மட்டும் குடிப்பது ஆபத்து.

பம்பாய் மில் பெண்கள் கற்றுத்தந்தது

1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஜவுளி மில்களில் வேலை செய்த கர்ப்பிணிகளுக்கு ஒரு விசித்திரமான ரத்தசோகை இருந்தது. இரும்பு கொடுத்தாலும் தீரவில்லை. பழமும் காய்கறியும் இல்லாத சாப்பாட்டில் எதுவோ குறைகிறது என்று அவர் ஊகித்தார். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். பெண்கள் தேறினார்கள். 1931-ல் இதை எழுதி வெளியிட்டார். 1941-ல் அமெரிக்காவில் நான்கு டன் கீரையைக் காய்ச்சிப் பிரித்து அந்தச் சத்தைக் கண்டுபிடித்தபோது, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லை வைத்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். இன்று உலகமெங்கும் கர்ப்பிணிகள் விழுங்கும் ஃபோலிக் மாத்திரையின் கதை நம் நாட்டு ஆலைத் தொழிலாளிப் பெண்களிடம் தொடங்கியது. ஷூ கம்பெனிப் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வரும்.

ஃபோலேட் கீரையிலும் பயறிலும் கிடைக்கும். அதன் கூட்டாளியான வைட்டமின் பி12 அப்படிக் கிடைக்காது. பால், தயிர், முட்டை, மீன், கறி ஆகியவற்றில்தான் உண்டு. வயது ஏற ஏற வயிற்றில் அமிலம் குறைவதால் சாப்பிட்ட பி12-ஐ உடம்பு பிரித்தெடுப்பதும் குறைகிறது. சுகருக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கும், நெஞ்செரிச்சல் மாத்திரையைத் தினமும் போடுகிறவர்களுக்கும் இது மேலும் குறையும். நம் வீடுகளில் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும் அம்மாக்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

பி12 குறைந்தால் பாதம் எரியும், மதமதக்கும். நாக்கு வழவழப்பாகிப் புண்ணாகும். மறதி வரும், நடை தடுமாறும். சுகரால் வருவது என்று முடிவுகட்டிவிடாமல் ஒருமுறை பி12 அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும். இந்தக் குறைக்கு ஃபோலிக் மாத்திரை மட்டும் போட்டால் ரத்தம் சரியாவதுபோல் தோன்றும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். அதனால்தான் தாமாகக் கடையில் வாங்கிச் சாப்பிட வேண்டாம் என்கிறேன்.

வெயில் ஊரில் வெயில் பஞ்சம்

கோடையில் வேலூரின் பெயர் வராத வெயில் செய்தி கிடையாது. அந்த ஊரில்தான் சி.எம்.சி. மருத்துவர்கள் மாதவிலக்கு நின்ற 150 பெண்களைப் பரிசோதித்து 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு எலும்புத் தேய்மானம் இருந்தது. பாதிப்பேருக்கு மேல் வைட்டமின் டி குறைவு. நடமாட முடியாமல் படுக்கையில் கிடந்தவர்கள் அல்ல அவர்கள், நடந்து திரிந்துகொண்டிருந்தவர்கள்.

வெயில் ஊரைச் சுடுகிறது, பெண்ணின் தோலில் படுவதில்லை. காலையில் பஸ் ஏறி ஷெட்டுக்குள் போகிறவர் வெளிச்சம் மங்கும்போதுதான் வெளியே வருகிறார். அப்பர் தைக்கிறவர் நிழல் தேடி உட்காருகிறார். புடவை, சுடிதார், பர்தா எதுவானாலும் முகமும் கையும் மட்டுமே வெளியே தெரியும். தோல் கறுத்திருந்தால் வெயில் இன்னும் கூடுதலாகத் தேவை. வைட்டமின் டி ஊறுவதற்கு உகந்த வெயில் காலை பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை. அதிகாலை இளவெயில் இதற்கு அவ்வளவாக உதவாது. விடுமுறை நாளில் மொட்டைமாடியில் வடாம் பிழிகிற, துணி காயப்போடுகிற நேரத்தில் கையையும் காலையும் திறந்து பதினைந்து இருபது நிமிடம் இருந்தால் நல்லது. பர்தா அணிகிறவர்களுக்கு வீட்டு முற்றமும் மாடியும் இருக்கின்றன. கோடை உச்சத்தில் தலை சுற்றும்வரை நிற்க வேண்டாம்.

வைட்டமின் டி மிகக் குறைவாக இருந்தால் மருத்துவர் 60,000 யூனிட் மருந்தை வாரம் ஒன்றாகச் சில வாரங்களுக்கு எழுதுவார். சீட்டு முடிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இது கொழுப்பில் கரைந்து உடம்பில் தங்கும் வைட்டமின். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும்.

கேவுரும் எள்ளும்

மாதவிலக்கு நின்ற முதல் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகக் கரைகிறது. அதைக் காத்துவந்த ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிடுவதே காரணம். அந்த வயதில் நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. ரசம் சோற்றில் அது கிடைக்காது.

நூறு கிராம் கேவுரு (கேழ்வரகு) மாவில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. இரண்டு டம்ளர் பால் அல்லது தயிரில் ஏறத்தாழ 450. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, ஓர் எள்ளுருண்டை சேர்ந்தால் மீதியில் பெரும்பகுதி வந்துவிடும். கேவுரு களியும் கீரைக் கடைசலும் வடாற்காட்டுக் குடியானவர் வீட்டில் தினச் சாப்பாடாக இருந்தவை. கூழை ராத்திரியே காய்ச்சிப் புளிக்கவிட்டதிலும் அர்த்தம் இருந்தது. புளிக்கும்போது தானியத்தில் சத்தைக் கட்டிவைத்திருக்கும் பைட்டிக் அமிலம் உடைகிறது.

அந்தச் சாப்பாடு தானாக மறைந்துபோகவில்லை. தோல் ஆலைக் கழிவால் இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனதை 1996-ல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் குறிப்பிட்டது. வரப்பில் பறித்த கீரையும் வீட்டுக் குதிரில் இருந்த கேவுரும் அதன்பின் கடையில் காசு கொடுத்து வாங்கும் பண்டங்களாயின. பாலாற்றங்கரைப் பெண்ணின் எலும்பைப் பற்றிப் பேசும்போது இதையும் பேசித்தான் ஆக வேண்டும்.

ஆட்டுக்கால் பாயா எலும்பைப் பலப்படுத்தும் என்று நம்புகிறோம். ருசிக்குச் சாப்பிடலாம், தவறில்லை. எலும்பிலிருந்து சாற்றில் இறங்கும் கால்சியம் மிகக் கொஞ்சம். அதே காசுக்குத் தயிரும் முள்ளோடு மெல்லும் நெத்திலியும் பலமடங்கு தரும்.

எலும்பைத் தாங்குவது தசை. ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளுக்கு 46 கிராம் அளவு புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கிண்ணம் கொள்ளுச் சுண்டலில் 10 கிராம் அளவு கிடைக்கும். வேளைக்கு ஒரு புரதப் பண்டமாவது தட்டில் இருக்க வேண்டும். தசை தளர்ந்தவர்தான் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார்.

டானிக்குக்கு முன் பரிசோதனை

கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்து விழுங்கக் கூடாது, ஒன்றை மற்றது தடுக்கும். ஒன்று காலையில், ஒன்று இரவில். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டையும் அதிலிருந்து நான்கு மணி நேரமாவது தள்ளிவைக்க வேண்டும். மாத்திரையில் மட்டுமல்ல, அரிசியிலும் சத்து சேர்ப்பது உண்டு; நியாயவிலைக் கடையில் செறிவூட்டிய அரிசி வந்தபோது அதைப் பிளாஸ்டிக் அரிசி என்று முறத்தில் பொறுக்கி எறிந்தவர்கள் உண்டு. இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்து அரிசி மாவில் செய்த மணிகள் அவை. சில தண்ணீரில் மிதக்கும், அவ்வளவுதான்.

பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்த்துச் சொல்வார்கள். அம்மா தானாகப் போகமாட்டார், ஒரு நாள் கூலி போய்விடும் என்பார். நீங்கள் அரை நாள் லீவு போட்டு அழைத்துப் போங்கள். திரும்பி வந்ததும் அன்றைக்கு அவருக்கு முதலில் சோறு போடுங்கள். முட்டையோ மீனோ, எது இருந்தாலும் முதல் துண்டு அவர் தட்டில் விழட்டும்.