பிராக் நகரில் பார்த்த பெயர்கள்

வெளிநாடு போய் வந்தவர்கள் லண்டன், பாரிஸ் என்றுதான் எழுதுகிறார்கள். நான் சொல்லப் போவது செக் குடியரசின் தலைநகரம் பிராக் பற்றி. ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகள், மாப்பிள்ளை, பத்து வயதுப் பேத்தியோடு நான்கு நாள் சுற்றிப் பார்த்தேன்.

பழைய நகரில் எங்கும் கல் பாவிய தெருக்கள். புடவைக்கு ஷூவா என்று கூச்சப்படாதீர்கள். செருப்போடு நடந்தால் சாயங்காலம் கால் கெஞ்சும்! டிராமில் போக காகித டிக்கெட் வாங்கினால், வண்டியில் உள்ள மஞ்சள் பெட்டியில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அபராதம்தான். பணம் யூரோ அல்ல, கொருனா. சைவக்காரர்களுக்கு ரொட்டி, தயிர், உருளைக்கிழங்கு தாராளமாய்க் கிடைக்கிறது. கையில் ஊறுகாய் இருந்தால் ராஜபோகம்!

பழைய நகரச் சதுக்கத்தில் 1410-ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம் இருக்கிறது. மணி அடிக்கும்போது ஒரு எலும்புக்கூடு பொம்மை கயிற்றை இழுத்து, 'நேரமாச்சு, கிளம்பு' என்கிறது. பக்கத்தில் கண்ணாடி பார்க்கும் அழகனும், பணப்பையோடு நிற்கும் கஞ்சனும் 'வர மாட்டோம்' என்று தலையை ஆட்டுகிறார்கள். சிரிப்பு வந்தாலும் சுருக்கென்றது. 1357-இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலத்தில் வண்டிகள் கிடையாது. இருபுறமும் 30 சிலைகளைப் பார்த்தபடி ஆற காலாற நடக்கலாம்.

மூன்றாம் நாள் பிங்காஸ் யூத ஆலயம். "சின்னப் பொண்ணு, பயந்துடுவா. வேண்டாம்மா" என்றாள் மகள். "நீ பக்கத்துல இருந்து சொல்லு, புரிஞ்சுப்பா" என்றேன். அரை மனசாகத்தான் சம்மதித்தாள்.

உள்ளே சுவர் முழுக்கப் பெயர்கள்! நாஜிகளால் கொல்லப்பட்ட சுமார் 78,000 செக் யூதர்களை ஊர் வாரியாக, குடும்பம் குடும்பமாக எழுதியிருக்கிறார்கள். மாடியில் டெரசீன் முகாமில் அடைபட்ட குழந்தைகள் வரைந்த படங்கள். வீடு, பூ, பட்டாம்பூச்சி... நம் வீட்டுப் பிள்ளைகள் வரைகிற அதே படங்கள்தான்.

அவர்களுக்கு ஓவியம் கற்றுத் தந்தவர் ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ் என்ற பெண்மணி. அவரும் அங்கே கைதிதான். தனக்கென்று குழந்தை இல்லாதவர், ஒவ்வொரு படத்திலும் பிள்ளைகளைத் தம் பெயரை எழுதச் சொன்னாராம். 1944 அக்டோபரில் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். போகும் முன் சுமார் 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் அடுக்கி வைத்தார். போர் முடிந்ததும் அவை பிராக் நகருக்கு வந்து சேர்ந்தன. வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் வரவில்லை.

"இந்த அக்கா வீட்டுக்குத் திரும்பி வந்தாளா பாட்டி?" என்று ஒரு படத்தைக் காட்டிக் கேட்டாள் பேத்தி. நான் வாயடைத்து நிற்க, மகள்தான் அவள் தோளை அணைத்து, "இல்லடா கண்ணா. ஆனா அவ பேரு இங்க இருக்கு பாரு, படி" என்றாள். குழந்தை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். பயப்படவில்லை.

தோழியரே, பிராக் போகும் வாய்ப்புக் கிடைத்தால் கோட்டை, பாலத்தோடு திரும்பிவிடாதீர்கள். இங்கேயும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சனிக்கிழமை விடுமுறை, நினைவிருக்கட்டும். விவரம் தெரிந்த பிள்ளைகளையும் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். உங்கள் வீட்டுச் சுட்டி வரைந்த படத்தின் மூலையிலும் இன்றே பெயரும் தேதியும் எழுதி, பத்திரப்படுத்துங்கள்.

- ஒரு வாசகி, கும்பகோணம்