உலைத் தூசும் ஒரு சரக்குதான்

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்திலிருந்தே ஓட்டை வாளிக்கும் துருப்பிடித்த தகரத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதை வணிகர்களாகிய நாம் அறிவோம். அந்த வாளி பழைய இரும்புக் கடையிலிருந்து லாரி ஏறி உருக்காலைக்குப் போகிறது. கம்பியாகவும் ஆங்கிளாகவும் மீண்டும் கடைத்தெருவுக்கு வருகிறது. நடுவில் உலையிலிருந்து கிளம்பும் தூசு எங்கே போகிறது? கொள்முதலையும் விற்பனையையும் எழுதும் நாம், கழிவையும் கணக்கில் எழுதிப் பார்ப்போம்.

தூசு பிறக்கும் விதம்

பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலையில் வெப்பம் சுமார் 1,600 டிகிரி சென்டிகிரேடு. துருப்பிடிக்காமல் இருக்க ஜி.ஐ. வாளி, ஜி.ஐ. தகடுகளின் மேல் பூசப்படும் துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பழைய பெயிண்ட் முதலியவற்றில் உள்ள காரீயமும் காட்மியமும் அதனுடன் சேர்ந்து புகையில் ஏறுகின்றன. புகை குளிர்ந்ததும் இவையெல்லாம் மாவைவிட நுண்ணிய தூளாகி, ஆலையின் துணிப்பை வடிகட்டிகளில் படிகின்றன.

ஒரு டன் உருக்குக்கு ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ தூசு சேரும். நாளொன்றுக்கு 1,000 டன் உருக்கும் ஆலையில் இது 15 முதல் 20 டன். இதைத் திறந்த வெளியில் கொட்டினால் மழையில் காரீயம் கரைந்து நிலத்தடி நீரில் இறங்கும். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். காட்மியம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதனால்தான் அமெரிக்க அரசு 1980இல் இத்தூசை அபாயகரமான கழிவுகளின் பட்டியலில் சேர்த்தது.

பாமர்டன் ஊரின் அனுபவம்

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள சிற்றூர் பாமர்டன். 1898 முதல் 1980 வரை அங்கே தாதுவிலிருந்து துத்தநாகம் உருக்கினார்கள். அந்தப் புகையால் பக்கத்து மலையில் சுமார் 2,000 ஏக்கர் மொட்டையாயிற்று. 1983இல் மத்திய அரசு அந்த ஊரைத் துப்புரவு செய்ய வேண்டிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது. தாது உருக்குவது நின்றபின் அதே ஊரில்தான் உருக்காலைத் தூசிலிருந்து துத்தநாகம் பிரிக்கும் தொழில் வளர்ந்தது.

முறை எளிதில் விளங்கக்கூடியதே. தூசோடு கல்கரியைக் கலந்து, சாய்வாக மெல்லச் சுழலும் நீண்ட குழாய்ச் சூளையில் இடுகிறார்கள். உள்ளே வெப்பம் சுமார் 1,200 டிகிரி. துத்தநாகம் ஆவியாகி, காற்றோடு சேர்ந்து மீண்டும் தூளாகிறது. அதை வடிகட்டிப் பிடிக்கிறார்கள். முதலில் நூற்றுக்கு 20 பங்கு அளவில் இருந்த துத்தநாகம் இப்போது 55 முதல் 65 பங்கு வரை ஏறிவிடும். அதைத் துத்தநாக ஆலைகள் வாங்கிக் கொள்கின்றன. அடியில் மிஞ்சும் இரும்புக் கசடு சோதனைக்குப் பின் சாலைப் பணிக்கும் சிமெண்டுக்கும் பயன்படுகிறது. மீட்க முடியாத தூசைச் சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்து இறுக்கி, அடியில் கசியாத விரிப்புப் போட்ட குழிகளில் புதைப்பதும் உண்டு.

விலை மட்டும் போதுமா?

இந்தச் சரக்கில் ஒரு விசித்திரம் உண்டு. அமெரிக்காவில் தூசைக் கொடுக்கும் உருக்காலைதான் பணமும் கொடுக்கிறது! சட்டப்படி புதைப்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் மீட்பவரிடம் பணம் கட்டி ஒப்படைப்பது கட்டுபடியாகிறது. சட்டம் தளர்ந்தால் தூசு பள்ளத்துக்குத்தான் போகும். துத்தநாக விலை சரிந்தால் மீட்பவர் பாடும் திண்டாட்டமே. பாமர்டனில் இத்தொழில் நடத்திய ஹார்ஸ்ஹெட் நிறுவனம், விலை வீழ்ச்சியாலும் புதிய ஆலையின் சிக்கல்களாலும் 2016இல் திவால் மனு செய்தது. அதன் வழிவந்த நிறுவனத்தை 2021இல் பெஃபேசா நிறுவனம் வாங்கியது.

குறுக்கு வழியும் இருந்தது. துத்தநாகம் பயிருக்கு வேண்டிய சத்து என்பதால் இத்தூசு உரத் தயாரிப்புக்கும் போயிற்று. அங்கே அதற்குச் சட்டச் சலுகையே இருந்தது. துத்தநாகத்தோடு காரீயமும் காட்மியமும் வயலுக்குச் செல்லும் அபாயம் இதில் இருந்தது. உரங்களில் ஆலைக் கழிவு கலப்பதை 1997இல் சியாட்டில் டைம்ஸ் நாளிதழ் வெளிப்படுத்தியது. 2002இல் அந்தச் சலுகை நீக்கப்பட்டது.

நாம் செய்யக்கூடியவை

நம் நாட்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையும் துத்தநாக சல்பேட்டில் காரீயம், காட்மியம் இவற்றுக்கு உச்ச வரம்பு விதித்துள்ளது. உரம் விற்கும் நம் அன்பர்கள் மூட்டையின் மேல் உள்ள தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண், தர விவரம் ஆகியவற்றைப் பார்த்தே வாங்க வேண்டும். பில் இல்லாமல் மலிவாக வரும் சரக்கைத் தொடக் கூடாது. பழைய இரும்பு வணிகர்கள் பேட்டரி, காரீயத் துண்டுகளைத் தனியே பிரித்து, உரிமம் பெற்றவரிடம் மட்டும் கொடுக்க வேண்டும். உலைக்குள் போகும் காரீயம் குறைந்தால் தூசில் வரும் விஷமும் குறையும். இதற்குச் சட்டம் வந்து தட்டும்வரை காத்திராமல் நம் சங்கங்களே முன்கை எடுக்கலாம்.